வைக்கோல் நிருபமும் எண்ணெய்க் குப்பியும்

ஐயா,

நான் சி.எஸ்.ஐ. மனைவி கத்தோலிக்கர். தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறாள். அம்மா புற்றுநோயில் படுத்திருந்தபோது தங்கையின் பாஸ்டர் வந்து, புதிய ஏற்பாட்டின் யாக்கோபு நிருபத்தில் ஐந்தாம் அதிகாரத்தை வாசித்து எண்ணெய் பூசி ஜெபித்தார். அன்றைக்கு அம்மா முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அடக்கம் முடிந்ததும் அதே சபைக்காரர் ஒருவர் 'விசுவாசம் போதவில்லை' என்று சொல்லிவிட்டார். தங்கை அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரே வசனம் ஆறுதலாகவும் கத்தியாகவும் எப்படி இருக்கிறது? எங்கள் ஆயரைக் கேட்கலாம் என்றால், அவர் யாக்கோபின் பக்கமே போவதில்லை.

த., நாகர்கோவில்

அன்புள்ள த.,

உங்கள் ஆயருக்குப் பெரிய முன்னோடி உண்டு. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில் யாக்கோபு எழுதிய கடிதத்தை 'வைக்கோல் நிருபம்' என்றார். (பிந்தைய பதிப்புகளில் அந்த வரி இல்லை.) எவ்வளவு நோன்பிருந்தும், எத்தனை முறை பாவசங்கீர்த்தனம் செய்தும் மனசு அடங்காத துறவி அவர். மனிதன் நீதிமானாவது செயல்களால் அல்ல, விசுவாசத்தால் என்று சொல்லும் அப்போஸ்தலன் பவுலின் ரோமர் நிருபம்தான் அவரை மூச்சுவிட வைத்தது. 'விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்' என்று யாக்கோபு சொன்னால் அவருக்கு எப்படிப் பிடிக்கும்? ரோமர் 3:28-ல் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லை அவரே சேர்த்தார். 1530-ல் அதற்காக வாதாடி ஒரு கடிதமும் எழுதினார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த வேலையைச் சத்தமில்லாமல் ஓர் ஏகாரம் செய்கிறது: 'விசுவாசத்தினாலேயே'. கத்தோலிக்கத் திருச்சபைக்கும் லூத்தரன்களுக்கும் இதில் இருந்த வழக்கு ஓரளவு தணிய 1999 வரை, ஆக்ஸ்பர்க் கூட்டறிக்கை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

சரி, உங்கள் வசனத்துக்கு வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், லூத்தர் ஒதுக்கிய அந்த நிருபத்திலிருந்துதான் உங்கள் தங்கையின் பாஸ்டரும் எண்ணெய் எடுக்கிறார், உங்கள் மனைவியின் பங்குச்சாமியும் எடுக்கிறார். கத்தோலிக்கர் நோயில் பூசுதலை ஓர் அருட்சாதனமாக, அதாவது திருச்சபையின் புனிதச் சடங்காக, வைத்திருப்பதற்கு ஆதாரம் யாக்கோபு 5:14: வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும் என்ற வசனம். முன்பு அதற்கு 'அவஸ்தைப்பூசுதல்' என்று பெயர். மனைவி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சாமியார் எண்ணெயோடு வாசலில் நின்றாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும், ஆள் போகப்போகிறார் என்று. போப் ஆறாம் பவுல் 1972-ல் சடங்கைத் திருத்தி, அதைச் சாகிறவர்களிடமிருந்து நோயாளிகளிடம் திருப்பிக் கொடுத்தார். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் முறைப்படி ஏழு குருக்கள் கூடி, ஏழு வாசகங்கள் வாசித்து, ஏழு முறை பூசுவார்கள். அங்கேயும் முதல் வாசகம் யாக்கோபுதான்.

கத்தி இருப்பது அடுத்த வசனத்தில். 'விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்.' 'இரட்சிக்கும்' என்று இங்கே வரும் கிரேக்கச் சொல்லுக்குக் குணமாக்குதல் என்றும் மீட்டல் என்றும் பொருள் உண்டு. கத்தோலிக்க மரபு ஆத்துமாவை முன்னே வைத்து வாசித்தது. பெந்தெகொஸ்தே மரபு உடம்பை முன்னே வைக்கிறது. ஆஸ்பத்திரி கைவிட்ட வீட்டில் அந்த வாசிப்பு கொடுக்கும் தெம்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். உங்கள் அம்மா முகத்தில் நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஆள் பிழைக்காதபோது அந்த வாசிப்புக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது, உடனே பழியைப் போட ஆள் தேடுகிறது.

அந்த இரண்டு வசனங்களையும் நிதானமாக மறுபடி வாசியுங்கள். யார் ஜெபிக்கிறார்கள்? சபையின் மூப்பர்கள். நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அவர்களை வரவழைப்பது. விசுவாசத்தை எடைபோட வேண்டுமென்றால் தராசில் முதலில் ஏற வேண்டியவர்கள் எண்ணெய்க் குப்பியோடு வந்தவர்கள். உங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் வசனத்தைச் சரியாகப் படிக்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

தங்கையிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 2 தீமோத்தேயு 4:20-ஐ மட்டும் காட்டுங்கள். பவுலின் சரீரத்தில் பட்ட உறுமாலை, அதாவது கைக்குட்டையை, கொண்டுபோய்ப் போட்டாலே வியாதி நீங்கியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அதே பவுல் தன் கூட்டாளியைப் பற்றி எழுதுகிறார்: 'துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்.' அப்புறம் குளிர்காலத்துக்கு முன் வந்து சேரச் சொல்லிவிட்டுக் கடிதத்தை முடிக்கிறார். துரோப்பீமுவின் விசுவாசத்தைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது.