ஐ.நா. வேலை போனால் எங்கே வழக்குப் போடுவது?

கேள்வி: என் தம்பி நைரோபியில் ஐ.நா. அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். கென்ய நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: போனாலும் பலனிருக்காது, ஐ.நா.வுக்கு 1946 உடன்படிக்கைப்படி சட்ட விலக்கு இருப்பதால் உள்ளூர் நீதிமன்றம் அதன் மேல் கைவைக்க முடியாது. அதற்குப் பதிலாகத்தான் 2009 ஜூலை முதல் நியூயார்க், ஜெனீவா, நைரோபி மூன்று இடத்திலும் ஐ.நா. தகராறு தீர்ப்பாயம் நடக்கிறது, அதற்கு மேலே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் உண்டு.

ஆனால் நேரே அங்கே போக முடியாது. கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நிர்வாகத்திடமே மறுபரிசீலனை கேட்டு எழுத வேண்டும், இந்தக் கெடுவை நீட்டிக்கத் தீர்ப்பாயத்துக்கே அதிகாரம் கிடையாது, அதனால் மேலதிகாரியிடம் பேசிப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம், இன்றைக்கே எழுதச் சொல்லுங்கள்! பதில் வந்தபின் வழக்குப் போட 90 நாள். ஊழியர்களுக்கு இலவச சட்ட உதவி அலுவலகமும் இருக்கிறது.

புதுப்பித்தே தீர வேண்டும் என்ற உரிமை அவருக்கு இல்லை. ஆனால் நிதி இல்லை என்று காரணம் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருக்க வேண்டும், அங்கேதான் பிடி. சரி, ஜெயித்தால்? முடிவை ரத்து செய்தாலும், வேலைக்குத் திரும்ப எடுக்காமல் தீர்ப்பாயம் குறிக்கும் தொகையைக் கொடுத்துவிட நிர்வாகத்துக்கு வழி இருக்கிறது, பொதுவாக உச்சவரம்பு இரண்டு வருட நிகர அடிப்படைச் சம்பளம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்புறம், அவர் ஊழியரா, ஆலோசகர் ஒப்பந்தத்தில் இருப்பவரா என்று பாருங்கள். ஆலோசகர் என்றால் இந்தத் தீர்ப்பாயக் கதவே திறக்காது, நடுவர் மன்றம்தான்.