பிளக் இடைவெளியை அகட்டினால் இழுவை கூடுமா?

கேள்வி: என்னுடைய 100 சிசி பைக் சமதளத்தில் நன்றாகவே ஓடுகிறது. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு கொல்லிமலை ஏறும்போது மட்டும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகினால் மிஸ்ஸிங் அடிக்கிறது. பிளக் இடைவெளியைச் சற்று அகட்டினால் நெருப்பு பெரிதாக விழும் என்று சொல்லி ஒரு மெக்கானிக் அகட்டிக் கொடுத்தார். அதன் பிறகு மிஸ்ஸிங் இன்னும் கூடிவிட்டது. பிளக்கைக் கழற்றி ஹெட்டின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்தால் நெருப்பு நன்றாகத்தான் வருகிறது. கோளாறு எங்கே இருக்கிறது?
வாசகர், நாமக்கல்

பதில்: அகட்டிய இடைவெளியில்தான் இருக்கிறது என்பது நீங்கள் சொல்லும் அறிகுறிகளிலிருந்தே தெரிகிறது. முன்பிருந்த மிஸ்ஸிங்கிற்கும், நாளடைவில் தேய்ந்து தானாகவே அகன்றுபோன இடைவெளிதான் காரணமாக இருந்திருக்கக்கூடும்.

பிளக்கின் நடு மின்முனைக்கும் அதன் எதிரே வளைந்து நிற்கும் மின்முனைக்கும் நடுவேயுள்ள வெளியைத்தான் இடைவெளி என்கிறோம். நெருப்புப் பொறி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தாவுவதற்குத் தேவைப்படும் மின்னழுத்தம், அந்த இடைவெளியின் நீளத்தை மட்டுமல்லாமல், இடையில் நிற்கும் வாயு எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்பதையும் பொறுத்தது. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டரைத் தாவ ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி வாயுவை நெருக்கும் நேரத்தில் அதைப் போலப் பல மடங்கு தேவைப்படுகிறது. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் திருகாமல் எஞ்சின் ஓடும்போது, கார்புரேட்டரின் வழி ஏறக்குறைய மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் செல்லும் கலவையின் அளவும் அதன் அழுத்தமும் குறைவு. மலை ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திருகும்போது சிலிண்டர் நிரம்பி, அழுத்தம் உச்சத்திற்குப் போகிறது. பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் அனுப்பும் எச்.டி. காயில் தரக்கூடிய மின்னழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. இடைவெளி அதிகமானால், சமதளத்தில் எப்படியோ தாவிவிடும் பொறி, மலையில் தாவ முடியாமல் நின்றுவிடுகிறது. அல்லது பிளக் கேப்பிலோ ஒயரிலோ உள்ள மெல்லிய வெடிப்பு வழியாக வெளியேறிவிடுகிறது. ஹெட்டின் மேல் வைத்துப் பார்க்கும் சோதனை உங்களை ஏமாற்றியதற்கும் இதுவே காரணம். அந்தச் சோதனை நெருப்பு வருகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். அழுத்தத்தில் வருமா என்பதைச் சொல்லாது.

அதற்காக இடைவெளியை அளவுக்கு மீறிக் குறைப்பதும் கூடாது. முனைகள் மிக நெருங்கியிருந்தால், பொறியைச் சுற்றி உருவாகும் சிறு தீக்கரு வளர்வதற்கு முன்பே இரு பக்க உலோகமும் அதன் வெப்பத்தை உறிஞ்சிவிடும். அத்தகைய வண்டி காலையில் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, ஐடிலிங்கில் அணைந்து அணைந்து போகும். கரித்துகள் ஒன்று இடையில் சிக்கினாலே பொறி நின்றுவிடும்.

ஆகவே அந்த எஞ்சினின் மின்னமைப்பிற்கென்று தயாரிப்பாளர் கணக்கிட்ட அளவுதான் சரியான அளவு. அது வண்டியின் கையேட்டில் இருக்கும். இரு சக்கர வண்டிகளில் பொதுவாக 0.6 முதல் 0.9 மி.மீ. வரையும், பல பெட்ரோல் கார்களில் 1.0 அல்லது 1.1 மி.மீ. வரையும் இருக்கும். கையேடு தொலைந்திருந்தால், என்.ஜி.கே. பிளக்குகளில் எண்ணின் கடைசியில் கோடு போட்டு 9 என்றிருந்தால் 0.9 மி.மீ. என்றும், 11 என்றிருந்தால் 1.1 மி.மீ. என்றும் பொருள். ஆனால் வண்டியில் இருப்பது அதற்குரிய பிளக்தானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

சரிசெய்யும் முறையைச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிவிட்டுக் கழற்றுங்கள். அந்த மண் சிலிண்டருக்குள் விழுந்தால் பிளக்கைவிடப் பெரிய செலவு வைக்கும். இடைவெளியைக் குறைக்க வேண்டுமானால், வளைந்த மின்முனையை மரக்கட்டையின் மேல் மெதுவாகத் தட்டினால் போதும். கூட்ட வேண்டுமானால், வளைந்த மின்முனையை மட்டும் பிடித்து நெம்ப வேண்டும். நடு மின்முனையைத் தாங்கலாக வைத்து நெம்பினால் உள்ளே பீங்கான் விரிசல் விடும், அது வெளியே தெரியாது. 0.8 முதல் 0.9 மி.மீ. என்று கையேடு சொன்னால், ஃபீலர் கேஜின் (கனம் குறித்த மெல்லிய அளவுத் தகடுகளின் கட்டு) 0.8 தகடு தடையின்றி நுழைய வேண்டும், 0.95 தகடு நுழையவே கூடாது. திரும்ப மாட்டும்போது மரை கெடாமலிருக்க முதலில் விரலால்தான் திருக வேண்டும். உட்கார்ந்த பிறகு, வாஷர் உள்ள புதிய பிளக்கானால் ஸ்பேனரால் அரைச் சுற்று. ஏற்கெனவே இறுக்கிக் கழற்றிய பிளக்கானால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் லேத்துக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் மலையில் மிஸ்ஸிங் இருந்தால், பிளக் கேப்பையும் ஒயரையும் பாருங்கள். அவையும் சரியாக இருந்தால் பெட்ரோல் வரத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பட்டறையில் ஹாக்சா பிளேடை நுழைத்துத்தான் பிளக் இடைவெளி வைக்கிறார்கள். இது சரியா? உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்வதும் நல்லதா?
வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: கை ஹாக்சா பிளேடின் தகடு ஏறத்தாழ 0.65 மி.மீ. கனம் இருக்கும் என்பதால், 0.6 முதல் 0.7 மி.மீ. வேண்டிய பழைய வண்டிகளுக்கு அது பொருந்திப்போனது. அனுபவத்தில் வந்த வழக்கம்தான், கேலி செய்ய ஒன்றுமில்லை. ஆனால் பற்கள் இரு பக்கமும் சாய்ந்திருப்பதால் பல் உள்ள விளிம்பை நுழைத்தால் அளவு தவறும். 0.9 மி.மீ. வேண்டிய இன்றைய வண்டிக்கோ அந்தப் பிளேடு பயன்படவே படாது. ஃபீலர் கேஜின் விலை ஒன்றும் பெரிதில்லை.

தேய்ந்த பிளக்கில் தட்டையான தகடும் பொய் சொல்லும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெரும்பாலான சிறிய பைக்குகளில் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி விழுவதால், 6,000 ஆர்.பி.எம்.மில் விநாடிக்கு 100 பொறிகள் ஆகின்றன. ஒவ்வொன்றும் துளி உலோகத்தைத் தின்கிறது. நடு மின்முனையின் விளிம்பு மழுங்கி, வளைந்த மின்முனையில் குழி விழுகிறது. தகடு அந்தக் குழியின் மேல் பாலமாக நின்றுவிடுவதால், உண்மையான இடைவெளி தகடு காட்டுவதைவிட அதிகம். உருண்டைக் கம்பி கேஜ் குழிக்குள்ளும் இறங்கி அளக்கும். இந்த அளவுக்குத் தேய்ந்த பிளக்கைச் சரிசெய்வதைவிட மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

உப்புத்தாள் வேண்டாம். அதன் துகள்கள் பீங்கானுக்கும் உலோக உறைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் தங்கி, பின்னர் சிலிண்டருக்குள் விழும். கம்பி பிரஷால் பீங்கானைத் தேய்த்தாலும், அதில் படியும் உலோகக் கீறல்கள் வழியே மின்சாரம் கசியும்.

கேள்வி: புதிதாக வாங்கிய இரிடியம் பிளக்கிலும் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டுமா?
வாசகர், காரைக்குடி

பதில்: அளந்து பார்க்கலாம், தட்டவோ நெம்பவோ வேண்டாம். நடு முனை 0.4 அல்லது 0.6 மி.மீ. விட்டமே உள்ளது, எளிதில் உடைந்துவிடும். அளக்கும்போதும் உருண்டைக் கம்பியை, முனையில் உரசாமல் நுழைத்துப் பாருங்கள். அளவு மாறியிருந்தால் கடையிலேயே மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண நிக்கல் பிளக் என்றால், புதியதாக இருந்தாலும் அளந்துவிட்டே மாட்ட வேண்டும், ஏனெனில் பெட்டியோடு கீழே விழுந்தாலே வளைந்த மின்முனை அமுங்கிவிடும். இரண்டு பிளக் உள்ள பல்சர் போன்ற வண்டிகளில் இரண்டையும் அளக்க வேண்டும்; எளிதில் எட்டாத பக்கத்துப் பிளக் பல பட்டறைகளில் கழற்றப்படுவதே இல்லை.