சம்பளத்தில் பிடித்த வரியை மறுபடியும் கட்டச் சொல்கிறார்கள்

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். 2024-25 நிதியாண்டில் மாதந்தோறும் சம்பளத்தில் 3,200 ரூபாய் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்தார்கள். என் பெயரில் அரசுக்கு வந்துசேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் முதல் ஆறு மாதத் தொகை மட்டுமே இருக்கிறது. மீதி 19,200 ரூபாயை வட்டியுடன் கட்டும்படி வருமான வரித் துறையிலிருந்து அறிவிப்பு வந்துள்ளது. நன்கொடை கொடுத்ததாகக் காட்டிச் சரிசெய்துவிடலாம் என்கிறார் கணக்கு தாக்கல் செய்து தந்த முகவர். என்ன செய்வது?

பதில்: நீங்கள் மறுபடியும் கட்ட வேண்டியதில்லை. பிடித்த வரியைப் பொதுவாக அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் அரசுக்குச் செலுத்துவதும், யாரிடம் எவ்வளவு பிடித்தோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை 24கியூ படிவத்தில் கணக்குக் கொடுப்பதும் முதலாளியின் கடமை. அவர் செலுத்தாமல் போனாலும், சம்பளத்தில் பிடிக்கப்பட்ட அளவுக்கு ஊழியரிடம் வரி கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 205ஆம் பிரிவு சொல்கிறது. பம்பாய் உயர் நீதிமன்றம் 2007இல் இதை உறுதிசெய்தது. இத்தகைய தொகையைக் கட்டாயப்படுத்தி வசூலிக்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமும் 2015, 2016ஆம் ஆண்டுகளில் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. இத்தனைக்குப் பிறகும் துறையின் கணினி 26ஏஎஸ் படிவத்தை மட்டும் பார்த்து அறிவிப்பை அனுப்பிவிடுகிறது. பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவரை விட்டுவிட்டு, பறிகொடுத்தவரை ஆதாரம் தேடி அலையவிடுவது அநியாயம்.

ஆதாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. அந்த ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மொத்தச் சம்பளத்தில் பி.எஃப், டிடிஎஸ் முதலான பிடித்தங்கள் போக மீதி எவ்வளவோ, அதே தொகை வங்கியில் வரவாகியிருக்க வேண்டும். இவற்றை இணைத்து, வரித் துறை இணையதளத்தில் நிலுவைத் தொகைக்கு உடன்படவில்லை என்று 30 நாளுக்குள் பதில் கொடுங்கள். உங்கள் வட்டாரத்து வரி அதிகாரிக்கும் பழைய நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். நிறுவனம் பணத்தைக் கட்டியிருந்தும், 24கியூ படிவத்தில் உங்கள் பான் எண்ணின் பத்து எழுத்து, இலக்கங்களில் ஒன்றைத் தவறாக அடித்திருந்தால், அந்த வரி உங்கள் கணக்கில் ஏறாது. சம்பளச் சீட்டில் அச்சாகியுள்ள பான் எண்ணை அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். சம்பளச் சீட்டில் சரியாக இருந்து 24கியூவில் மட்டும் தவறியிருக்கவும் கூடும் என்பதால், எந்த எண்ணில் கட்டினார்கள் என்று கணக்குப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். தவறு அதுதான் என்றால், அவர்கள் திருத்தப் படிவம் தாக்கல் செய்ததும் தொகை ஏறிவிடும்.

முகவர் சொல்வதற்குத் தயவுசெய்து இணங்காதீர்கள். கொடுக்காத நன்கொடையைக் காட்டினால், குறைத்துக் காட்டிய வரியைப் போல் இரு மடங்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அதைக் கட்டப்போவது முகவர் அல்ல, நீங்கள். இத்தகையவர்கள் வாடிக்கையாளரின் வரித் துறை இணையதளக் கணக்கில் தம்முடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பதிந்து வைப்பதும் உண்டு. பின்னால் வரும் அறிவிப்புகள் உங்கள் கண்ணிலேயே படாது. இன்றே அந்தக் கணக்குக்குள் சென்று அவற்றைச் சரிபார்த்து, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.