நெட் குறைவான வீட்டுக்கு எந்த லினக்ஸ்?

சிங்கப்பூர் துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒன்று வாங்கினேன். விண்டோஸ் 10 இருக்கிறது. கையில் ப்ரீபெய்டு சிம் மட்டும்தான். லினக்ஸ் போட்டால் டேட்டா முழுக்கப் போய்விடுமா?

சிம்மைத் தொடவே வேண்டாம் தம்பி. விண்டோஸ் 10க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது, அதனால் மாற்றுவது நல்லதுதான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும்போது லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு விக்டோரியா தெரு நூலகத்தில் உட்காருங்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ சுமார் 3 ஜிபி. இலவச வைஃபை 5 எம்பிபிஎஸ் கொடுத்தால்கூட ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். மின்ட் உங்களைக் கேட்காமல் அப்டேட்டை இறக்காது. அடுத்த ஞாயிறு மறுபடி நூலகம் வந்து அப்டேட் செய்துகொள்ளுங்கள்.

செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி: புதுக்கோட்டையில் நாத்தனார் மகன் பத்தாவது படிக்கிறான். அவனுக்கு என் பழைய லேப்டாப்பைக் கொண்டுபோகிறேன். அங்கே போன் ஹாட்ஸ்பாட் மட்டும்தான், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. பின்னால் ஏதாவது மென்பொருள் வேண்டுமென்றால் என்ன செய்வான்?

அப்படியென்றால் டெபியன் என்ற லினக்ஸைப் போடுங்கள் அக்கா. நெட்இன்ஸ்ட் என்ற சின்னக் கோப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மீதியையெல்லாம் நெட்டிலிருந்துதான் இழுக்கும். டிவிடி-1 என்று போட்டிருப்பதை இறக்குங்கள், கிட்டத்தட்ட 4 ஜிபி. டெஸ்க்டாப், லிப்ரே ஆபிஸ், பிரவுசர் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. 2023ல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து வைஃபை கார்டுகளை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளும் கூடவே வருகிறது. முன்பெல்லாம் இதற்காகவே அலைய வேண்டியிருக்கும்.

இங்கிருந்து கிளம்பும் முன் ஆப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியை அதில் நிறுவிவிடுங்கள். மளிகைச் சீட்டு மாதிரிதான் அது. பையன் ஊரில் 'செட்' கட்டளையோடு வேண்டிய மென்பொருளின் பெயரைக் கொடுத்தால், அதற்குத் தன்னிடம் என்னென்ன இல்லை என்று கணினியே ஒரு சின்னக் கோப்பில் எழுதித் தரும். அதை வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே 'கெட்' கட்டளையோடு 'பண்டில்' சேர்த்துக் கொடுத்தால் எல்லாம் ஒரே ஜிப் கோப்பாக இறங்கும். ஊருக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். அங்கே ஆப்ட்-ஆஃப்லைனில் 'இன்ஸ்டால்' கொடுத்தால் கோப்புகள் கணினிக்குள் போகும், அப்புறம் வழக்கமான 'ஆப்ட் இன்ஸ்டால்' கொடுத்தால் மென்பொருள் ஏறிவிடும். கெட் கட்டளையை ஓட்ட உங்களிடமும் டெபியன் இருக்க வேண்டியதில்லை. பைத்தான் என்ற நிரல்மொழியும் ஆப்ட்-ஆஃப்லைனும் இருந்தால் விண்டோஸிலேயே ஓடும்.

கிவிக்ஸ் என்ற செயலியையும் போட்டுக்கொடுங்கள். தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே நெட் இல்லாமல் படிக்கலாம்.

ஒருவர்: உபுண்டு லினக்ஸ் போட்டேன். நான் எதுவுமே செய்யவில்லை, ஆனால் ஹாட்ஸ்பாட் டேட்டா காலி!

உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவும் ஸ்னாப்தான் காரணமாக இருக்கும். ஒரு நாளைக்கு நான்கு தடவை அப்டேட் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தானே இறக்கிவிடும். டெர்மினலில் 'ஸ்னாப் ரிஃப்ரெஷ்' என்ற கட்டளையோடு 'ஹோல்ட்' சேர்த்துக் கொடுத்தால் நிற்கும். நல்ல நெட் கிடைக்கும் இடத்தில் மறக்காமல் அப்டேட் செய்யுங்கள், இல்லையென்றால் பிரவுசர் பழசாகிப்போகும்.

இன்னொருவர்: இறக்கிய லினக்ஸ் கோப்பை, அதாவது ஐஎஸ்ஓவை, பென்டிரைவில் காப்பி செய்தேன், பூட் ஆகவில்லை.

காப்பி செய்தால் ஆகாது. ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருளால் எழுதுங்கள். இல்லையென்றால் பென்டிரைவில் ஒரு தடவை வென்டாய் என்ற கருவியைப் போட்டுவிட்டு, அப்புறம் எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் காப்பி செய்யுங்கள்.

அதற்கு முன், கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். நான் ஒரு தீபாவளிக்கு அதைப் பார்க்காமல் ஊருக்குப் போனேன். இன்ஸ்டால் பாதியில் நின்றது, கோப்பு அரைகுறையாக இறங்கியிருக்கிறது. அங்கே நெட் 1 எம்பிபிஎஸ். மறுபடி இறக்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடுவில் கரண்ட் வேறு போனது. பண்டிகை அன்று முழுக்க 'அது என்னடா ஆச்சு' என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பெரியவர் ஒருவர்: தமிழ்99ல் தட்டச்சு செய்ய நெட் வேண்டுமா தம்பி?

வேண்டாம் ஐயா. ஐபஸ்-எம்17என் என்ற சின்னத் தொகுப்பை ஒருமுறை நிறுவினால் போதும், அப்புறம் நெட் இல்லாமலே தட்டலாம். 1997ல் இங்கே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு கூடியதே, உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு இரண்டு வருடம் கழித்துச் சென்னையில் முடிவான விசைப்பலகைதான் இது.

அதே பெரியவர்: முன்பு உபுண்டு சிடி தபாலில் இலவசமாக வருமே?

2011லேயே நிறுத்திவிட்டார்கள் ஐயா. ஒரு பென்டிரைவ் கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறேன்.