மாதுங்கா பில்டிங்கின் முகப்பு யார் பொறுப்பு?

கேள்வி: மும்பை மாதுங்காவில் 1940களில் கட்டிய எங்கள் மூன்று மாடி சொசைட்டி ரீடெவலப்மெண்டுக்கு, அதாவது இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்குப் போகிறது. பில்டர் காட்டும் படத்தில் கீழே ஐந்து அடுக்கு பார்க்கிங், மேலே மொழுமொழுவென்று கண்ணாடி. எங்கள் தெருவில் ஏற்கெனவே இப்படி நாலு நிற்கிறது. வளைந்த பால்கனி, ஜன்னலுக்கு மேல் நீளும் சஜ்ஜா, கிரில் எல்லாம் போக வேண்டியதுதானா? "அழகை முனிசிபாலிட்டி பார்த்துக்கொள்ளும்" என்கிறார் செக்ரட்டரி.

பதில்: பார்த்துக்கொள்ளாது. மாநகராட்சியின் பில்டிங் புரொபோசல் பிரிவு எஃப்எஸ்ஐ கணக்கை, அதாவது மனையின் பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதைப் பார்க்கும், சுற்றிலும் விடும் இடத்தைப் பார்க்கும், தீயணைப்பு வண்டி நுழையுமா, பார்க்கிங் எத்தனை என்று பார்க்கும். பிளான் மென்பொருளுக்குள் போய் அளவு சரி என்று வந்தால் பாதி வேலை முடிந்தது. முகப்பு அந்தத் தெருவுக்குப் பொருந்துகிறதா என்று கேட்க அங்கே ஒரு மேஜைகூடக் கிடையாது. இத்தனை வருடமாகியும் இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

எல்லா டவரும் ஒரே அச்சில் வருவதற்குக் காரணம் கணக்குதான். முன்பு பால்கனி, பூத்தொட்டி மேடை போன்றவை எஃப்எஸ்ஐயில் சேரவில்லை. பில்டர்கள் அவற்றை அடைத்து அறையாக்கி விற்றார்கள். 2012-ல் விதியை மாற்றி அவற்றையும் கணக்கில் சேர்த்து, பதிலுக்கு வீடுகளுக்கு 35% ஃபஞ்சிபிள் எஃப்எஸ்ஐ, அதாவது எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளும் கூடுதல் பரப்பு கொடுத்தார்கள். அன்றிலிருந்து பால்கனிக்குப் போகிற இடம் ஹாலுக்குள் போய்விட்டது. பார்க்கிங்கோ கணக்கில் வராது. சின்ன மனையில் ஆழமாகத் தோண்டுவது செலவு, அதனால் கார்கள் மாடி மாடியாக ஏறுகின்றன. தெருவில் நடப்பவருக்குத் தெரிவது வெற்றுச் சுவரும் தகரத் தட்டியும்தான்.

கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் டெவலப்மெண்ட் அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடும்வரைதான் அதற்குப் பலம். மாநில அரசின் 4 ஜூலை 2019 உத்தரவுப்படி சொசைட்டி முதலில் பிஎம்சி (புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் கன்சல்டண்ட்) என்கிற திட்ட ஆலோசகரை நியமிக்க வேண்டும். டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பொதுக்குழுவுக்கு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வர வேண்டும், கூட்டத்தை வீடியோ எடுக்க வேண்டும். அந்த ஆலோசகரை பில்டரே "சொசைட்டிக்குச் செலவில்லை" என்று அனுப்பிவைத்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். யார் சம்பளம் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் ஆலோசகர். "எல்லா ஆபீசிலும் ஆள் இருக்கிறது" என்று ஃபைல் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் வெற்றுத்தாளிலோ வெற்று ஸ்டாம்ப் பேப்பரிலோ கையெழுத்துப் போடவே கூடாது.

வண்ணப் படத்துக்கு மதிப்பில்லை. ஓரத்தில் "மாறுதலுக்கு உட்பட்டது" என்று எறும்பெழுத்தில் இருக்கும். அக்ரிமெண்டோடு இணைக்க வேண்டியவை இவை: நாலு பக்க எலிவேஷன் (வெளித்தோற்ற வரைபடம்) 1:100 அளவில், வெளிச்சுவரின் வெட்டுத்தோற்றம் ஒன்று 1:20-ல், பொருட்பட்டியல். வெட்டுத்தோற்றத்தில் சஜ்ஜா 45 முதல் 60 செ.மீ. வெளியே நீண்டிருக்கிறதா, அதன் அடிவிளிம்பில் தண்ணீர் சொட்டி விழ ஒரு பள்ளக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு இல்லாவிட்டால் மழைநீர் அடியிலேயே ஊர்ந்து சுவருக்கு வரும். இரண்டு மழைக்காலத்தில் ஜன்னலுக்குக் கீழே கருப்புத் தாரை இறங்கிவிடும். ஏசி வெளியலகுக்கு மேடையும் வடிகுழாயும் வரைபடத்திலேயே இருக்கட்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு இடத்தில் தொங்கவிடுவார்கள். பார்க்கிங் அடுக்குகளின் தெருப்பக்கம் கடையோ சொசைட்டி ஆபீசோ வரட்டும். இவற்றோடு "எலிவேஷனில் எந்த மாற்றத்துக்கும் பொதுக்குழுவின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும்" என்று ஒரு வரி. "அல்லது அதற்கு இணையானது" என்ற சொற்கள் எங்கே இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

மாநகராட்சி முகப்பைப் பார்ப்பதில்லை என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஹெரிடேஜ் கட்டடங்கள். அதில்தான் பலர் குழம்புகிறார்கள். 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது ஓவல் மைதானமும் மரைன் டிரைவும் சார்ந்த கட்டடங்கள். அங்குள்ள அதே ஆர்ட் டெகோ பாணியில் கட்டியது என்பதால் மாதுங்காவுக்கு அந்தப் பாதுகாப்பு வராது. மாநகராட்சியின் ஹெரிடேஜ் பட்டியல் வேறு. அதில் உங்கள் பில்டிங் தனியாக இருக்கலாம், அல்லது பில்டிங் இல்லாமல் மனை மட்டும் ஒரு ஹெரிடேஜ் வளாகத்துக்குள் விழலாம். பக்கத்து பில்டிங் பட்டியலில் இருப்பது உங்களுக்கு உதவாது. பிராப்பர்டி கார்டிலுள்ள சிஎஸ் நம்பரையும் (நில அளவை எண்) டிவிஷனையும் கொடுத்து மாநகராட்சியிடம் டிபி ரிமார்க், அதாவது வளர்ச்சித் திட்டத்தில் உங்கள் மனையைப் பற்றிய குறிப்பு வாங்குங்கள், பில்டர் கொடுக்கும் ஜெராக்ஸை நம்பாதீர்கள். ஹெரிடேஜ் என்று அதில் இருந்தால் முகப்பும் உயரமும் பாரம்பரியக் குழுவின் பார்வைக்கு வரும். குழு ஆலோசனைதான் சொல்லும், முடிவு கமிஷனருடையது. ஆகவே அப்போதும் மேலே சொன்ன வரைபடங்கள் வேண்டும்.

கடைசியாக, பழைய கிரில், தேக்குக் கதவு, மொசைக் இவற்றில் எதையாவது புதிய பில்டிங்கில் வைக்க நினைத்தால், எண்ணிப் புகைப்படம் எடுத்து இணைப்பில் சேருங்கள். இடிக்கும் காண்டிராக்டருக்குப் பழைய சாமான் அத்தனையும் சொந்தம் என்றுதான் வழக்கமாக எழுதுவார்கள். சாவியை ஒப்படைத்த பிறகு போய்க் கேட்டால் அவை சோர் பஜாரில், பழைய சாமான் சந்தையில் இருக்கும்.