நாட்பட்ட எதுக்களிப்பு நோயை எண்டோஸ்கோப்பி மூலமே சரிசெய்ய முடியுமா?

பல ஆண்டுகளாக மாத்திரையிலேயே காலம் தள்ளுகிறவர், வயிற்றில் துளையிடும் அறுவை சிகிச்சை இல்லாமல் எண்டோஸ்கோப்பி வழியாகவே நெஞ்செரிச்சலையும் எதுக்களிப்பையும் தீர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிலருக்கு முடியும். எனக்கு முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதற்கான காரணம் உங்களுக்கும் பொருந்தக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

பான்டோப்ரசோல் போன்ற மாத்திரைகள் அமிலச் சுரப்பைக் குறைக்கின்றனவே தவிர, இரைப்பையில் உள்ளது மேலேறி வருவதைத் தடுப்பதில்லை. எரிச்சல் அடங்கிய பிறகும், குனிந்தால் சாப்பிட்டது தொண்டைக்கு வருகிறது என்று பலர் சொல்வது இதனால்தான். உணவுக்குழாயின் அடியில் தளர்ந்துபோன சுருக்குத் தசைப் பகுதியையே சீர்செய்ய முயல்பவை எண்டோஸ்கோப்பி சிகிச்சைகள்.

அவற்றுள் ஓரளவு உறுதியான சான்று உள்ளது டிஐஎஃப் (TIF) என்ற, வெட்டில்லாமல் இரைப்பையை மடிக்கும் முறைக்கு. முழு மயக்கத்தில், வாய் வழியாகச் செலுத்தப்படும் கருவி இரைப்பையின் மேற்பகுதியை இழுத்து, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 270 பாகை வரை மடித்து, பாலிப்ரோப்பிலீன் பிணைப்பிகளால் இறுக்கிவிடுகிறது. அமெரிக்காவில் நடந்து 2015இல் வெளியான ரெஸ்பெக்ட் ஆய்வில், இதைச் செய்துகொண்டவர்களில் 67 விழுக்காட்டினருக்குத் தொந்தரவான எதுக்களிப்பு நின்றது. செய்வதுபோல் பாவனை மட்டும் காட்டும் போலிச் சிகிச்சையுடன், ஒமெப்ரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் எடுத்தவர்களில் அது 45 விழுக்காடு. வித்தியாசம் உண்மையானது, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று. முழுச் சுற்று மடிப்பான நிஸன் அறுவைக்குப் பிறகு சிலர் படும் வயிற்று உப்புசமும், ஏப்பம் விட முடியாத தவிப்பும் இதில் குறைவு.

நிபந்தனை என்னவென்றால், உதரவிதானத்தின் துளை வழியாக இரைப்பை மேலேறியிருக்கும் அளவு, அதாவது ஹயாட்டஸ் ஹெர்னியா, 2 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு 3 செ.மீ. இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யும் அறுவை மூலம் ஹெர்னியாவைச் சரிசெய்தாக வேண்டும். பிறகு டிஐஎஃப்பை அதனுடன் சேர்த்துச் செய்தாலும், வயிற்றில் துளையிடாமல் தப்பிக்கும் ஆதாயம் போய்விடுகிறது. நான் இப்போதைக்கு மாத்திரையிலும், தலைமாட்டை உயர்த்திய கட்டிலிலும் இருக்கிறேன்.

ஸ்ட்ரெட்டா என்பது ரேடியோ அலை வெப்பத்தை அந்தத் தசைக்குள் செலுத்தும் முறை. போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெளிவான பலன் தெரியவில்லை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஜப்பானிய மருத்துவர் ஹாருஹிரோ இனோவே உருவாக்கிய ஆர்ம்ஸ் முறையில், இரைப்பையின் வாய்ப்பகுதிச் சளிப்படலத்தில் ஒரு பகுதியை நீக்குகிறார்கள். ஆறும் தழும்பு சுருங்கி அந்த வாய்ப்பகுதியை இறுக்குகிறது. தனிக் கருவி தேவையில்லை என்பது இதன் வசதி. சிலருக்குத் தழும்பு அளவுக்கு மீறி இறுகி, விழுங்குவதே சிரமமாகி, பலூன் வைத்து விரிக்க நேர்கிறது. தசைக்குள் பாலிமரை ஊசியாகச் செலுத்தும் என்டெரிக்ஸ் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, உயிரிழப்பு உள்ளிட்ட விபரீதங்களால் 2005இலேயே திரும்பப் பெறப்பட்டது. இத்துறையில் புதியது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஏற்கத் தயங்குவது நியாயமே.

எந்த முறையானாலும் முன்பே, அமிலம் மேலேறுவதை அளக்கும் பிஎச் பரிசோதனையும், உணவுக்குழாய்த் தசைகளின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரியும் செய்துவிடுங்கள். பிஎச் பரிசோதனையில், மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் நிறுத்திய பிறகு, மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செருகி, இடுப்பில் ஒரு பதிவுக் கருவியை மாட்டி அனுப்புவார்கள். 24 மணி நேரமும் எரியும்போதெல்லாம் அதிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும், சாப்பிட்ட நேரத்தையும் படுத்த நேரத்தையும் குறிக்க வேண்டும். குழாயோடு சோறு விழுங்குவது எரிச்சலூட்டும் வேலைதான். ஆனால் உணவுக்குழாயில் அமிலம் நின்ற நேரம் மொத்தப் பதிவு நேரத்தில் 6 விழுக்காட்டைத் தாண்டினால் நோய் உறுதி. 4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, புண்ணும் இல்லையென்றால், உங்கள் எரிச்சலுக்கு அமிலம் காரணமாக இல்லாமலே இருக்கலாம். அந்த நிலையில் சுருக்குத் தசைப் பகுதியை எவ்வளவு இறுக்கினாலும் எரிச்சல் அப்படியேதான் இருக்கும்.