டெங்கு நோட்டீஸை ஏன் ஒருத்தரும் பாக்கேல்லை?

கேள்வி: அக்கா, நான் கோப்பாய்ப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்திலை செயலாளர். மாரி தொடங்கினோடனை எங்கட பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா டெங்குக் கணக்கைப் பிரிவு பிரிவாத் தந்து, சனத்துக்கு விளங்கிற மாதிரிப் படமாச் செய்து ஒட்டச் சொன்னவர். நானும் ராவிராவா இருந்து 3டி பை சார்ட் (துண்டு துண்டாப் பிரிச்ச வட்டப் படம்), பதினொரு கலர், மூலையிலை பெரிய நுளம்பு எல்லாம் போட்டு போர்டிலை ஒட்டினன், வட்ஸ்அப் குறூப்பிலையும் போட்டன். "வடிவா இருக்கு தம்பி" எண்டதோடை சரி. எங்கை பிழை விட்டனான்? இதை மப்பிலை (வரைபடத்திலை) போடலாமோ?

பதில்: வடிவா இருக்கு எண்டு சொன்ன ஆக்களிலை ஒராளைப் பிடிச்சு, எந்தப் பிரிவிலை டெங்கு கூட எண்டு கேளுங்கோ பாப்பம். நீங்கள் அனுப்பினதை நானும் ஃபோனிலைதான் பாத்தன். வட்டத்திலை ஒரு மஞ்சள் துண்டைப் பாத்து, பேந்து பக்கத்திலை இருக்கிற குட்டிப் பெட்டியளிலை எந்த மஞ்சள் எண்டு தேடி, திரும்பி வட்டத்துக்கு வரேக்கை எந்தத் துண்டு எண்டதே மறந்துபோச்சு. அதோடை சரிச்சு வைச்ச வட்டத்திலை முன்னுக்கு நிக்கிற துண்டு எப்பவும் பெரிசாத்தான் தெரியும், உண்மையிலை சின்னனா இருந்தாலும். எங்கட கண் நீளத்தை நல்லா அளக்கும், கோணத்தை அவ்வளவா அளக்காது. அதாலை பிரிவுக்கு ஒரு தடிச்ச கோடு போட்டு சாதாரண பார் சார்ட்டாக் கீறுங்கோ, கூடினது மேலை குறைஞ்சது கீழை, பிரிவின்ரை பேரை அந்தந்தக் கோட்டுக்குப் பக்கத்திலையே எழுதுங்கோ. உங்கட பிரிவுக்கு மட்டும் கடுஞ்சிவப்பு, மிச்சம் பத்துக்கும் சாம்பல் கலர். ஆக்கள் முதல்லை தேடுறது தங்கட இடத்தைத்தான்.

இன்னொண்டு, வெறும் எண்ணிக்கையைப் போட்டால் சனம் கூடின இடம்தான் எப்பவும் மோசமாத் தெரியும். சும்மா ஒரு கணக்குக்கு, உங்கட பக்கம் 400 சனத்திலை 8 பேருக்கு டெங்கு, பக்கத்துப் பிரிவிலை 2000 சனத்திலை 20 பேருக்கு எண்டு வைப்பம். "அங்கைதான் கூட" எண்டு நீங்கள் நிம்மதியா இருப்பியள், ஆனா ஆயிரம் பேருக்கு எத்தினை எண்டு பாத்தால் உங்களுக்கு 20, அவைக்கு 10.

மப் போடலாமோ எண்டும் கேட்டிருந்தியள். 1854 இலை லண்டன் சோஹோவிலை கொலரா வந்து சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை, ஜோன் ஸ்னோ எண்ட டொக்டர் எந்தெந்த வீட்டிலை எத்தினை சாவு எண்டு மப்பிலை கறுப்புக் கோடாக் குறிச்சவர், பாத்தால் ப்ரோட் ஸ்ட்ரீட் தண்ணிப் பம்பைச் சுத்தித்தான் அந்தக் கோடுகள் நெருக்கி நிக்குது. எனக்கு அதிலை பிடிச்சது குறி விழாத இடங்கள்தான்: கிட்ட இருந்த ஏழையள் விடுதியிலை 535 பேரிலை 5 பேர்தான் செத்தவை, அவைக்குச் சொந்தக் கிணறு, அந்தப் பம்புத் தண்ணி தேவைப்படேல்லை. கிணத்தை வைச்சே ஊரை அறியிற எங்களுக்கு இதைப் பெரிசா விளங்கப்படுத்தத் தேவையில்லை. (மப்பைப் பாத்துத்தான் பம்பின்ரை பிடியைக் கழட்டினவை எண்டு எல்லாரும் சொல்லுறது பிழை. செப்டெம்பர் 8 ஆம் திகதியே கழட்டியாச்சு, மப் பேந்துதான் வந்தது.)

ஆனா தம்பி, நீங்கள் வீடு வீடாப் புள்ளி போடாதேங்கோ. எங்கட ஒழுங்கையளிலை ஒரு புள்ளி எண்டால் அது ஒரு பேர், அடுத்த நாள் அந்தப் பிள்ளையோடை விளையாடவும் விடமாட்டினம். ஜி.எஸ். (கிராம சேவகர்) பிரிவு அளவோடை நிப்பாட்டுங்கோ.

கடைசியா அந்த நுளம்பு. அதைத் தூக்கிப்போட்டு ஒரு சிரட்டை, ஒரு யோகட் கப், ஒரு பழைய ரயர் மூண்டையும் தண்ணியோடை உங்கட ஃபோனிலையே படமெடுத்துப் போடுங்கோ. முட்டை நுளம்பா வர ஒரு கிழமை, பத்து நாள்தான், அதாலை "ஞாயிற்றுக்கிழமை கவிழ்த்து விடுங்கோ" எண்டு பெரிய எழுத்திலை ஒரே ஒரு வரி காணும். நாள் சொல்லாமல் "சுற்றாடலைச் சுத்தமாக வைத்திருப்போம்" எண்டு எழுதினால் ஆரும் எழும்பமாட்டினம்.

கேள்வி: சோடாப் போத்திலிலை இருக்கிற சிவப்பு வட்டம் என்னத்துக்கு? என்ரை அப்பப்பா அதைக் கொம்பனிச் சின்னம் எண்டு நினைச்சுக்கொண்டு ஒவ்வொருநாளும் ஒண்டு குடிக்கிறார். (சாவகச்சேரி வாசகி)

பதில்: அது சீனி எவ்வளவு எண்டு காட்டுற அடையாளம், 2016 ஓகஸ்டிலை இருந்து இலங்கையிலை சோடா மாதிரிக் குடிக்கிற சாமானுக்குக் கட்டாயமாக்கினது. 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேலை சீனி எண்டால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழை பச்சை, இடையிலை மஞ்சள். எத்தினை கிராம் எண்டும் எழுதியிருக்கும். கிராம் சொன்னால் அப்பப்பாவுக்கு ஏறாது பிள்ளை. 400 மில்லி சிவப்புப் போத்தில் எண்டால் ஆகக் குறைஞ்சது 44 கிராம், கிட்டத்தட்ட 11 தேக்கரண்டி. வெறுங் கிளாஸ் ஒண்டை அவருக்கு முன்னாலை வைச்சு, சீனிப் போத்திலைத் திறந்து ஒவ்வொண்டா எண்ணிப் போடுங்கோ.